மெமரி கார்டில் உள்ள பாடல்களை முழுமையாகப் பட்டியலிடாத மியூசிக் பிளேயர் குறித்த புகார்

அனுப்புநர்
பெயர், முகவரி, கைபேசி எண்: இணைத்துள்ள பில் நகலில் உள்ளபடி
மதுரை

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

பொருள்: பெட்டியில் குறிப்பிட்ட அளவு மெமரி கார்டைப் பயன்படுத்த இயலாமை – குறையைச் சரிசெய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல் – தொடர்பாக.

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் கையடக்க மியூசிக் பிளேயரைத் தங்களின் அங்கீகாரம் பெற்ற மதுரை விற்பனையாளரிடம் வாங்கினேன். பிளேயரிலேயே உள்ள நினைவகம் 32 ஜிபி மட்டுமே என்பதால், பெட்டியின் பின்புறம் '512 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு பயன்படுத்தலாம்' என்று அச்சிட்டிருந்ததை நம்பித்தான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வரி இல்லாதிருந்தால் இதைவிட விலை குறைந்த பிளேயரே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அதற்கெனத் தனியாக 256 ஜிபி கார்டு ஒன்றை வாங்கி, ஏறத்தாழ 18,000 பாடல்களைப் பதிந்தேன். கார்டைச் செருகியதும் பிளேயர் பாடல்களைப் பட்டியலிடத் தொடங்குகிறது. திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 10,000 என்ற எண்ணைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. பிழை என்றோ இடமில்லை என்றோ எந்த அறிவிப்பும் வருவதில்லை. 'முடிந்தது' என்று காட்டிவிட்டு முகப்புத் திரைக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் பாடகர் பெயரால் தேடினாலும், ஆல்பம் பெயரால் தேடினாலும் எஞ்சிய பாடல்கள் கிடைப்பதில்லை. ஆனால் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து போனால் அதே பாடல்கள் அங்கே இருக்கின்றன. தொட்டால் தடையின்றி ஒலிக்கவும் செய்கின்றன.

இவ்வாறு விட்டுப்போனவை பெரும்பாலும் தமிழில் பெயரிட்டு வைத்திருந்தவை. பழைய கேசட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றிய நாதஸ்வரக் கச்சேரிகள், திருப்புகழ், வில்லுப்பாட்டு ஆகிய அனைத்தும் அவற்றில் அடங்கும். தங்கள் சர்வீஸ் சென்டரில் இதைக் காட்டியபோது, தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் பிளேயரால் படிக்க இயலாது என்றும், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு வருமாறும் கூறினார்கள். அந்த விளக்கம் சரியன்று. கணினியில் கோப்புகளைப் பெயர் வரிசையில் நகலெடுக்கும்போது ஆங்கிலப் பெயருள்ளவை முதலிலும் தமிழ்ப் பெயருள்ளவை இறுதியிலும் செல்கின்றன. இறுதியில் இருப்பவைதாம் வெட்டுப்படுகின்றன. இதை உறுதிசெய்ய, கார்டை மறுபடியும் ஃபார்மட் செய்து, தமிழ்க் கோப்புறைகளை முதலில் நகலெடுத்தேன். இம்முறை அவை அனைத்தும் எழுத்துப் பிழையின்றிப் பட்டியலில் வந்தன. அவற்றுக்குப் பதிலாக இந்தித் திரைப்பாடல்களும் மேற்கத்திய வாத்திய இசையும் காணாமல் போயின. எண்ணிக்கை மட்டும் அதே 10,000 தான்.

அடுத்து, கார்டு போலியாக இருக்கலாம் என்றார்கள். சந்தையில் அத்தகைய கார்டுகள் உண்டு என்பதால் அந்த ஐயத்தைக் குறைகூற மாட்டேன். ஆயினும், கார்டின் முழுக் கொள்ளளவுக்கும் தரவை எழுதி, எழுதியதை அப்படியே திரும்பப் படித்து ஒப்பிடும் சோதனையைச் செய்து பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கார்டின் வேகம் போதாது என்பதும் பொருந்தாது. சிடி தரத்தில் உள்ள இசைக்கே நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது சுமார் 176 கிலோபைட் போதும். 'கிளாஸ் 10' குறியீடுள்ள கார்டு நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதவல்லது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு எஸ்டிஎக்ஸ்சி என்ற மெமரி கார்டு தரநிலை விதித்துள்ள எக்ஸ்ஃபேட் அமைப்பை (கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை) விட்டுவிட்டு ஃபேட்32 அமைப்புக்கு மாற்றச் சொன்னார்கள். அதையும் செய்தேன், பயனில்லை.

ஆகவே குறை கார்டில் இல்லை. பிளேயரின் மென்பொருள் பத்தாயிரம் பாடல்களுக்கு மேல் பட்டியலிடுவதில்லை. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 பாடல் ஒன்று ஐந்து நிமிடம் ஓடினால் 12 எம்பி ஆகும். அந்தக் கணக்கில் பத்தாயிரம் பாடல்கள் 120 ஜிபிக்குள் அடங்கிவிடும். 512 ஜிபி கார்டு போடுபவருக்கு அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெயரளவுக்குத்தான் இருக்கும். கொள்ளளவைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாங்கள், இந்த வரம்பைப் பெட்டியிலும் சொல்லவில்லை, கையேட்டிலும் சொல்லவில்லை. கோப்புறை வழியாகக் கேட்கலாமே என்று சர்வீஸ் சென்டரில் ஆறுதல் கூறினார்கள். தேடும் வசதிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறேன்.

எனவே, இந்த வரம்பை நீக்கும் ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பை எத்தேதிக்குள் வெளியிடுவீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், அது இயலாதெனில் பிளேயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழு விலையையும் அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வேறு கார்டு வாங்கிப் பார்க்கும்படியான பதிலை இனி ஏற்பதற்கில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தக்க பதில் வராவிடில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்வதுடன், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு அளிப்பேன். பிளேயரின் விலை அளவிலான மனுவுக்கு அங்கே கட்டணம் ஏதும் இல்லை என்பதையும் அறிந்தே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: பில் நகல், பெட்டியின் பின்புறப் புகைப்படம், எண்ணிக்கை 10,000இல் நிற்பதைக் காட்டும் காணொளி, சர்வீஸ் சென்டர் வழங்கிய ஜாப் ஷீட் நகல்.