நாட்டுப்படகு மீனவர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 21 உலக மீனவர் தினத்தில் கொடியேற்றினோம். கண் மருத்துவ முகாம் நடந்தது. ஏலக்கூடக் கூரை சரிசெய்யப்பட்டது.

இந்த ஆண்டு முழு மூச்சாகச் செய்த வேலை, கூட்டத்தை முறைப்படி நடத்தும் பழக்கத்தைக் கொண்டுவந்ததுதான். "கடலுக்குப் போறவனுக்கு எதுக்கு இந்தச் சட்டம்?" என்று சிலர் கேட்டார்கள். பேங்க் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவரை மாற்றுவதற்கே முறையான தீர்மான நகல் வேண்டும் என்பதே பதில்.

ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தான் தீர்மானம் விவாதத்துக்கு வரும். அதற்கு முன் வாசகத்தை மினிட் நோட்டில், அதாவது கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில், எழுதி உரக்கப் படித்துவிட வேண்டும். நம்மவர்கள் தடுமாறுவது திருத்தத்தில். 'ஏலக்கூடத்துக்கு விளக்குப் போடுவது' என்பது தீர்மானம். 'சோலார் விளக்கு' என்று ஒருவர் திருத்தம் சொல்கிறார். முதலில் 'சோலார்' என்ற சொல்லைச் சேர்ப்பதா என்பதற்கு மட்டும் கை தூக்க வேண்டும். அது ஜெயித்தாலும் தோற்றாலும், அதன்பின் தீர்மானத்துக்குத் தனி வாக்கெடுப்பு. ஒரே மூச்சில் கேட்டால், விளக்கே வேண்டாம் என்பவரும் சோலார் மட்டும் வேண்டாம் என்பவரும் ஒரே கணக்கில் விழுவார்கள். கூட்டம் எதை முடிவு செய்தது என்றே தெரியாது.

பெரும்பான்மை என்பது வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல். 40 பேர் வந்து 5 பேர் நடுநிலை என்றால், மீதி 35-இல் 18 போதும். ஒழுங்குப் பிரச்சினை, அதாவது கூட்ட விதி மீறப்படுகிறது என்ற முறையீடு, எழுப்பினால் பேசுகிறவர் நிறுத்த வேண்டும், தலைவர் அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் அது விதி மீறலுக்கு மட்டும். எதிர்த்துப் பேச அதைக் கருவியாக்கக் கூடாது. 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் பணச் செலவைக் கொண்டுவருவதும் தவறு, வராதவர்களுக்கு அது பற்றி அறிவிப்பே போகவில்லை.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியது குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை (கோரம்). நாடாளுமன்றத்துக்கே பத்தில் ஒரு பங்கு போதும். நம் துணைவிதி மூன்றில் ஒரு பங்கு கேட்கிறது. விசைப்படகு மட்டும் கடலுக்குப் போகும் சனிக்கிழமையில், நாம் கரையில் இருக்கும் மாலையாகப் பார்த்துத்தான் கூட்டம் போடுகிறோம். அப்படியும் பதிவேட்டில் கையெழுத்திட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். வாக்கெடுப்பில் தலை எண்ணும்போது ஆள் இல்லையென்றால் அந்தக் கையெழுத்தால் பயனில்லை. விதியைத் தளர்த்தலாம் என்றால், 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பும் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். அதற்கும் நீங்கள் வந்தாக வேண்டும்.

வரவுக்குள் செலவு அடங்கியது. விவரம் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. பாக்கி உள்ளவருக்கு வாக்கில்லை என்பது நம் துணைவிதி. தூக்கிய கையைக் கணக்கிலிருந்து கழிப்பது இரு தரப்புக்கும் சங்கடம், அடுத்த ஆண்டு அந்த நிலை வர வேண்டாம்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பந்தல், ஒலிபெருக்கி தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. வருகைப் பதிவேடு கூட்டம் முடியும்வரை மேசையில் இருக்கும். பக்கத்திலேயே ரசீதுப் புத்தகமும் இருக்கும்.

செயலாளர்