காலாண்டு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவுற்றன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகளுடன் திரும்பியுள்ளனர். நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்துள்ளன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நட்ட கன்றுகள் வேர்பிடித்துவிட்டன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள். திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

இத்துடன், சென்ற மாதம் நடந்த தடுப்பூசி முகாமைப் பற்றியும் எழுத வேண்டியுள்ளது. 16 வயதில் போட வேண்டிய டி.டி. தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர்கள் வந்திருந்தனர். அன்று பதினொன்றாம் வகுப்பில் பல இருக்கைகள் காலியாக இருந்தன. வந்தவர்களிலும் சிலர் சம்மதப் படிவத்தைக் கொண்டுவரவில்லை. ஒரு மாணவர் மதியம் வரை மிதிவண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றிருந்தார்.

“போன வருஷம் ஆணி குத்தினப்பவே டி.டி. போட்டாச்சே” என்று பெற்றோர் சிலர் வகுப்பாசிரியரிடம் கூறியுள்ளனர். நியாயமான ஐயம்தான். பழைய ஊசியின் பெயரும் (TT) புதியதன் பெயரும் (Td) தமிழில் ஒன்றுபோல ஒலிப்பதால் வந்த குழப்பம் இது. பழையது இரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு மட்டும் உரியது. இப்போது பள்ளியில் போடப்படுவது இரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும், அதாவது டிப்தீரியாவையும் தடுப்பது. உங்கள் பிள்ளைக்கு முன்பு போடப்பட்டது எது என்பதை, மருத்துவச் சீட்டைக் காட்டிச் செவிலியரிடம் கேட்டறியலாம்.

கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகள் தந்த பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவிடுவதால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் மீண்டும் போடுகிறார்கள். தொண்டை அடைப்பான் இருமல், தும்மல் வழியே பரவுகிறது; தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைப்பதோடு, அதன் நச்சு இதயத்தையும் தாக்கும். இது தாத்தா பாட்டி காலத்து நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இது மீண்டும் பரவியபோது பதின்பருவத்தினரும் பாதிக்கப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன.

ஆயினும் எனக்குக் கவலை தருவது, இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் நாம் பேசும் விதம். மிதிவண்டி நிறுத்துமிடத்தில் நின்ற மாணவரிடம் நான் அரை மணி நேரம் உடன் அமர்ந்த பிறகே அவர் வாய் திறந்தார். சிறு வயதில் மூன்று பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டது இன்னும் மறக்கவில்லை என்றார். சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம், “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று மிரட்டுவது நம் வீடுகளில் வெகு சாதாரணம். தண்டனையாகவே அறிமுகமான ஒன்றை, பதினாறு வயதில் நன்மை என்று திடீரெனச் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

பள்ளியின் தவறையும் மறைக்கவில்லை. முகாமுக்கு முந்தைய நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பயப்படுபவர்கள் கை உயர்த்துங்கள் என்று நானே கேட்டேன். கை உயர்த்திய இருவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தனர். மறுநாள் அந்த இருவருமே வரவில்லை. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, அதற்காக வருந்துகிறேன்.

ஆகவே, விடுபட்டவர்களுக்காக முகாம் மீண்டும் நடக்கவுள்ள இம்முறை, படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் பிள்ளையிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என்ன தயக்கம் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். “வலிக்கவே வலிக்காது” என்று சொல்ல வேண்டாம். சுருக்கென்று இருக்கும், கை ஓரிரு நாள் வலிக்கலாம், லேசான காய்ச்சல் வரலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தங்கையே அழாமல் போட்டுக்கொண்டாளே என்ற ஒப்பீடு இந்த வயதில் அவமானமாக மட்டுமே போய்ச் சேரும். எந்தக் கையில் போடுவது, எந்த நண்பர் அருகில் இருப்பது என்பனவற்றை அவர்களே முடிவு செய்யட்டும். மாதவிடாய் நாளில் போடலாமா என்று ஒரு மாணவி என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகப் போடலாம். இத்தகைய கேள்விகளை வீட்டில் கேட்கக் கூசுபவர்கள் செவிலியரிடம் தனியாகக் கேட்பதற்கு ஓர் அறை ஒதுக்கியுள்ளோம்.

ஒன்றைக் கண்டிப்புடன் கூற வேண்டியுள்ளது. இந்த ஊசி பெண் பிள்ளைகளுக்கு மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்று கூறும் ஒரு குரல் பதிவு, முகாமுக்கு இரண்டு நாள் முன்பு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் ஒருவரால் பகிரப்பட்டது. அது முற்றிலும் பொய். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நம் மாநிலத்தில் தொடங்கியபோதும் இப்படிப்பட்ட வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் அஞ்சிப் பின்வாங்கினர். ஐயம் எழுந்தால் என்னிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் சரிபார்க்காத செய்திகளைப் பள்ளியின் குழுவில் பகிர்வதையோ, முகாம் நாளில் காய்ச்சல் என்று பொய்க் காரணம் எழுதி விடுப்பு வாங்கித் தருவதையோ பள்ளி ஏற்காது. பிள்ளைகள் இதையும் நம்மிடமிருந்தே கற்கிறார்கள்.

விடுபட்டவர்களுக்காக, விடுமுறை முடிந்து வரும் இரண்டாவது புதன்கிழமை செவிலியர்கள் மீண்டும் வருகிறார்கள். காலை உணவு உண்ணாமல் அனுப்ப வேண்டாம். ஊசியைக் கண்ட பதற்றத்தில் சிலருக்கு மயக்கம் வருவது இந்த வயதில் உண்டு என்பதால், அனைவருக்கும் உட்கார வைத்தே போடப்படும். பின்னர் அரை மணி நேரம் ஆசிரியரின் பார்வையில் அமர்ந்திருப்பார்கள். யாருடைய பயமும் மற்றவர் முன் பேசப்படாது. முன்பு ஏதேனும் ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

சென்ற முகாமின்போது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மகனருகில் அமர்ந்திருந்த தந்தைக்கும், எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலும் பேத்தியைப் படிவம் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்பே கைநாட்டு வைத்த பாட்டிக்கும், கேள்விகளோடு என் அறைக்கு வந்த பெற்றோர் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. படிவங்கள் இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்