தாம்பாளத்தைத் திருப்பித் தருமுன் ஒரு நன்றி

தாணேயில் எங்கள் பக்கத்து வீட்டு மௌஷிக்கும் (மராத்தியில் சித்தி), அவர் வழியாக எங்களுக்குக் கிடைத்த, கொங்கண் கரையின் பழைய யூத சமூகமான பெனே இஸ்ரேல் நண்பர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். இந்த மடலை மௌஷிக்கு நானே மராத்தியில் வாசித்துக் காட்டப் போகிறேன். இருந்தாலும் தமிழில் எழுதக் காரணம் உண்டு. முலுண்டிலும் தாணேயிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். இவர்களுடைய ஷார் ஹஷமாயிம் ஜெபாலயம் 1879இலிருந்து இதே ஊரில் இருக்கிறது. அதைத் தாண்டித் தாண்டிப் போயும் உள்ளே இருப்பவர்கள் யார் என்று கேட்காமலே பல வருடம் இருந்துவிட்டேன். நம் ஆட்களுக்கும் இவர்களைத் தெரிய வேண்டும்.

எல்லாம் என் மகள் கேட்ட ஒரு கேள்வியில் தொடங்கியது. மௌஷி வீட்டு வாசல் நிலையில், வலது பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு குழல் பதித்திருக்கும். உள்ளே போகும்போது அதைத் தொட்டு விரலை முத்திக்கொள்வார். “அது என்ன ஆஜி (பாட்டி)?” என்றாள் மகள். மெசூசா என்று பெயர் சொல்லி, தோலில் கையால் எழுதிய வேத வரிகளைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறது என்று விளக்கினார். அதோடு விடவில்லை. “ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்கு எபிரேய வகுப்பு நடக்கிறது, இவளையும் அனுப்பு” என்றார். துணைக்குப் போன நானும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வகுப்பை நடத்துகிற டீச்சருக்கு என் முதல் நன்றி. ஓய்வு பெற்ற பிறகு, சொந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, ஒரு பைசா வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார். 22 எழுத்து, வலமிருந்து இடம். நான் தமிழ் என்று தெரிந்த அன்று பலகையில் ‘துக்கி’ என்று எழுதினார். பைபிளில், சாலமோன் ராஜாவுக்காக மூன்று வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்த பொருட்களில் மயில்களும் உண்டு. அங்கே மயிலைக் குறிக்கும் சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் அதே சொல்லுக்குக் கிளி என்று பொருளாம். “உங்கள் சொல்லைத்தான் நாங்கள் இத்தனை காலம் வைத்திருக்கிறோம்” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் துக்கி, தோகை, துக்கி, தோகை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்து, மாதம் ஒருமுறை வரலாறு சொன்ன பெரியவர். கொங்கண் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் நவ்காவ் என்ற ஊரில் கரை சேர்ந்தார்கள் என்பது இவர்களுடைய பூர்வகதை. பிறகு கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்து, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை மட்டும் செக்கை ஓட்டாததால் ‘ஷனிவார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று பெயர் வாங்கினார்கள். ஊர்ப் பெயரோடு ‘கர்’ சேர்த்து நவ்காவ்கர், பேண்கர் என்று குடும்பப் பெயர்கள் வந்தன. வர்லியில் ஈ. மோசஸ் ரோடு வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன்! அந்த மோசஸ் 1937இல் பம்பாய்க்கு மேயரான பெனே இஸ்ரேல்காரர் என்பது இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் இரண்டே எண்களை எழுதிக் காட்டினார். 1951 மக்கள்தொகைக் கணக்கில் இந்திய யூதர்கள் 26,000க்கு மேல். 2011இல் 4,650. யாரும் விரட்டிப் போகவில்லை, இஸ்ரேல் கூப்பிட்டது, போனார்கள், என்றார். அவருடன் பிறந்த நான்கு பேர் அஷ்தோதிலும் திமோனாவிலும் இருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே ஆள் போதாத சமூகம் இது. அப்படியும் எங்களைப் போன்ற வெளியாட்களுக்கு எப்போதும் இடம் ஒதுக்கினார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன்.

பாட்டும் வசனமுமாகக் கதை சொல்லும் கீர்த்தன் நடந்த இரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எடுத்திருந்த ஹாலை இரண்டு நாள் முன்னால் வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் மொட்டைமாடியைத் தந்தார்கள், நாற்காலி தூக்கினார்கள், விளக்குப் போட்டார்கள். அவர்களுக்கு நன்றி. சனிக்கிழமை பொழுது சாய்ந்து மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்த பிறகுதான் ஆர்மோனியத்தைத் தொட்டார்கள். பிள்ளைகள் அண்ணாந்து எண்ணியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு மராத்தியில் யோசேப்பின் கதை. பாட்டு, வசனம், மறுபடி பாட்டு. நான் தஞ்சாவூர்க்காரி. மராத்திக் கீர்த்தன் தஞ்சைக்கு வந்துதான் நம் கதாகாலட்சேபம் இந்த உருவம் எடுத்தது. தாத்தா மடியில் கேட்டதன் தாய்வீட்டு ஜாடையை, யூதப் பெண்கள் பாடி, தாணே மொட்டைமாடியில் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. பாடிய ஐந்து பேருக்கும், டோல்கி வாசித்த தம்பிக்கும் என் வணக்கம்.

அதே இரவில் மலிதா. இது எலியா தீர்க்கதரிசிக்கு நினைவாகச் செய்கிற நன்றிப் படையல். ஓய்வுநாள் முடிந்ததும் மௌஷி என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். அவலை அலசி, வடியவிட்டு, கட்டி இல்லாமல் விரல்நுனியால் உதிர்த்தார். தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், சீவிய பாதாம். பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து, சுற்றிலும் பழங்கள், மேலே ரோஜா. நம் வீட்டு நவராத்திரி அவல் அப்படியே! ஆனால் உண்ணும் முறை வேறு. மரத்தில் காய்ப்பதற்கு ஒரு ஆசிமொழி, நிலத்தில் விளைவதற்கு ஒன்று, நறுமணத்துக்குத் தனியாக ஒன்று. வாழைப்பழத்தை நான் மரத்துப் பழங்களோடு வைத்தேன். மௌஷி சிரித்துக்கொண்டே எடுத்து மாற்றி வைத்தார். “வாழை மரமில்லை மகளே, வருஷா வருஷம் வெட்டிப் போடுகிற பயிர்.” வாழைமரம் கட்டாமல் கல்யாணம் செய்யாத ஊரிலிருந்து வந்தவளுக்கு இது புதுப் பாடம்.

அவர்கள் முன்னோர் கரை சேர்ந்த நவ்காவைப் பார்க்கப் போனபோது மாண்டவா படகில் எங்கள் முப்பது பேருக்கும் பொறுமையாக டிக்கெட் எடுத்துத் தந்த தம்பிகளுக்கும், ஜெபாலய வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் காவலர்களுக்கும் நன்றி. 2008 நவம்பரில் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை மும்பையில் யாரும் மறக்கவில்லை. அப்படியும் அடையாள அட்டையைப் பார்த்ததும் “வாங்க தாய்” என்று சிரித்தே உள்ளே விட்டார்கள்.

மௌஷி, அன்றிரவு நீங்கள் மலிதா வைத்துக் கொடுத்தனுப்பிய தாம்பாளம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் தட்டாகத் திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை. உங்கள் உணவு விதிப்படி, எங்கள் அடுப்பில் சமைத்ததை உங்கள் பாத்திரத்தில் போடக் கூடாது என்றும் இப்போது தெரியும். ஊரிலிருந்து அண்ணன் வருகிறான், மலைவாழைப்பழம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பெண்