யோசனை சொல்லும் அக்கம்பக்கத்தாருக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் முதலில் ஓடி வருகிறவர்கள் நீங்கள்தான். போன் தொலைந்தாலும், லிஃப்ட் பாதியில் நின்றாலும், விமானத்தில் போட்ட பெட்டி வந்து சேராவிட்டாலும், எந்த அலுவலகத்தைக் கேட்பது என்று யோசிப்பதற்கு முன்னால் உங்கள் கதவைத்தான் தட்டுகிறோம். நீங்களும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்கிறீர்கள். இது பெரிய விஷயம். அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கத் துணிகிறேன்.

யோசனை சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. நிறையவே சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது, அது உங்களுக்கே நடந்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா, எந்த வருஷத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு இதையெல்லாம் திருப்பிக் கேட்கத் தோன்றாது. நீங்கள் சொன்னதை அப்படியே செய்துவிடுவார்.

போன் தொலைந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் “உடனே சிம்மை பிளாக் பண்ணுங்க” என்பார். இன்னொருவர் “முதல்ல பேங்குக்குச் சொல்லுங்க” என்பார். மூன்றாமவர் “போலீஸ்ல புகார் குடுத்துட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க” என்பார். மூன்றும் செய்ய வேண்டியவைதான். எதை முதலில் செய்வது என்பதில்தான் சிக்கல். தொலைந்த போனை வேறொரு போனிலிருந்து பூட்டலாம், எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் தொலைந்த போனில் இணையம் இருக்க வேண்டும். வெளியே கிடக்கிற போனுக்கு இணையம் பெரும்பாலும் சிம் வழியாகத்தான் வருகிறது. சிம்மை முதலில் முடக்கினால் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் போனைப் பூட்டப் பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் அதிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் போகிறது என்பதால் உடனே சிம், உடனே பேங்க் என்று போய்விட வேண்டும். புகார் அவசியம்தான், ஆனால் அது அரை மணி நேரம் தாங்கும்.

இதிலும் எல்லார் கதையும் ஒன்றல்ல. பூட்டியிருந்த போனை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வருவது வேறு, பேசிக்கொண்டிருக்கும்போதே திறந்த போனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவது வேறு. முதலாவதில் கொஞ்சம் அவகாசம் உண்டு. இரண்டாவதில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அங்கேதான் நீங்கள் நாலு பேர் கூடி நிற்பது உண்மையிலேயே உதவும். நாலு பேர் என்றால் நாலு போன். பறிகொடுத்தவர் ஒன்றில் பேங்கோடு பேசட்டும், அந்தக் கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொல்ல முடியும். இன்னொருவர் சிம் நிறுவனத்தின் எண்ணைப் பிடித்துத் தயாராக வைத்திருக்கலாம். எண்ணை மட்டும் தேடுபொறியில் முதலில் வந்து நிற்பதிலிருந்து எடுக்காதீர்கள். போலி சேவை எண்களை அங்கே போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பேங்க் எண் கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கும். கார்டும் சேர்ந்து போய்விட்டால் அதே பேங்கில் கணக்கு வைத்திருக்கும் உங்களில் ஒருவர் உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள்.

யாருக்கும் எதுவும் நடக்காத நாளில் சொல்ல வேண்டிய யோசனைகளும் உண்டு. அவற்றை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம். *#06# என்று அழுத்தினால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திருந்தால் புகார் கொடுக்கும்போது தேட வேண்டாம். சிம்முக்கே ஒரு பின் எண் போடலாம். அப்படிப் போட்டிருந்தால் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அது எண் கேட்கும். 3 முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் சிம் நிறுவனம் தரும் பியூகே என்ற திறப்பு எண் இல்லாமல் திறக்காது. வயதானவர்களுக்கு இதைப் போட்டுக் கொடுக்கும்போது அந்தப் பின் எண்ணை அவர்கள் கண் முன்னால் எழுதிக் கொடுங்கள். போனோடு இணைந்த கணக்குக்குள் நுழைய பேக்கப் கோடு என்று சில எண்கள் தருவார்கள். அதையும் அதே காகிதத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் தொலைந்த போனைத் தேடப் போகும்போது சரிபார்ப்பு எண் அந்தத் தொலைந்த போனுக்கே போய்ச் சேரும்.

அடுத்தது பயணம். எந்த வருஷத்துக் கதை என்று நான் கேட்பதன் காரணம் இங்கேதான் நன்றாகத் தெரியும். பவர் பேங்கைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும் என்பது பல வருஷமாக உள்ள விதி. 100 வாட் மணி (பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி கேட்காமலே கொண்டுபோகலாம் என்பதும் பழைய கணக்கு. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும் சாதாரண பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட் மணிதான். இதுவரை சரி. ஆனால் 2025 ஜனவரியில் தென்கொரியாவில் புறப்படக் காத்திருந்த ஒரு விமானம் தீப்பிடித்து எரிந்தது. அதற்கு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதன் பிறகு பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே தடுத்துவிட்டன. மேலே இருக்கும் பெட்டியறையில் வைக்காதே, கைக்கு எட்டுகிற இடத்தில் வை என்கிறார்கள். 2023ல் போய் வந்த அண்ணன் “நான் வழியெல்லாம் சார்ஜ் போட்டுக்கிட்டேதான் போனேன், ஒண்ணும் ஆகாது” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் போனபோது அப்படித்தான் இருந்தது. “நான் 2023ல போனேன்” என்று முதலில் சொல்லியிருந்தால், கேட்டவர் நிறுவனத்தின் இப்போதைய விதியையும் ஒரு தடவை பார்த்திருப்பார்.

பெட்டி விஷயமும் இதே கதைதான். சர்வதேச விமானப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும், 1999ல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். 21 நாள் ஆகியும் வரவேயில்லையென்றால் தொலைந்ததாகக் கணக்கு. இந்தக் கெடுக்கள் மாறவில்லை. நஷ்ட ஈட்டின் உச்சவரம்புதான் மாறுகிறது. 1,288 எஸ்டிஆர் என்று இருந்தது 2024 டிசம்பர் 28லிருந்து 1,519 ஆகிவிட்டது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் உள்ளூர்ப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய எண்ணை நம்பிக் குறைவான தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் யோசனை கேட்டு வந்தவருக்குத்தான். “வீட்டுக்குப் போய் நிதானமா மெயில் போடுங்க” என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுண்டரில் எழுதிக் கொடுத்து, புகார் எண்ணுள்ள தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபின் அதே புகாரைக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நள்ளிரவு விமானம் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:30 என்று இருந்தால் 14ஆம் தேதி இரவே கிளம்ப வேண்டும். உங்களுக்கு இது தெரிந்த விஷயமாக இருக்கலாம். முதல் தடவை போகிறவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் “ஆறு மாசம் இருந்தா போதும்” என்பதையும் எந்த நாட்டுக்கு என்று சேர்த்தே சொல்லுங்கள். பல நாடுகள் 6 மாதம் கேட்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் இருந்தால் போதும் என்கின்றன, ஆனால் பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு விமானம் மாறிப் போகிறவருக்கு யோசனை சொல்லும்போது, இரண்டும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா என்று முதலில் கேளுங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் வராத பயணி, அவ்வளவுதான்.

இதெல்லாம் பணமும் நேரமும் போகிற விஷயம். உடம்பில் அடிபடும்போது நான் இன்னும் கண்டிப்பாகக் கேட்பேன். அங்கே கேள்விப்பட்ட யோசனைக்கு இடமே கொடுக்காதீர்கள். தீக்காயத்துக்குப் பற்பசை தடவச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஐஸ் வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் கெடுதல். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும், வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிஷம் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். “வீட்டு நாய்தானே” என்று யாரும் தைரியம் சொல்லாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. குழந்தை விழுந்து நிலைப்பல் கழன்று வந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு இருக்கிறது. காகிதத்தில் சுற்றிக் காயவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கேஸ் நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. “ஃபேனைப் போட்டு வெளியேத்து” என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தடுங்கள். ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியே வந்தபின் போன் செய்யுங்கள். கழிப்பறைக்கு பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் நன்றாகப் போகும் என்று யோசனை சொல்கிறவர்களை உரிமையோடு நிறுத்துங்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் உள்ளே இருப்பவரைக் கதவைப் பிரித்து இறங்கச் சொல்லாதீர்கள். அந்த இடைவெளியில் தவறினால் கீழே குழிதான். லிஃப்டுக்குள் காற்று வருகிற வழி இருக்கிறது, மூச்சு முட்டாது என்று சொல்லி, ஆள் வரும்வரை வெளியே நின்று அவரோடு பேசிக்கொண்டிருங்கள். அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மழையில் நின்றுபோன காருக்கும் இதைத்தான் சொல்வேன். “இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்பது நல்ல மனசோடு சொல்கிற யோசனை, ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அந்த ஒரு தடவையே அதை முடித்துவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். தள்ளி ஓரம் கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் வழி. தண்ணீர் வேகமாக ஓடுகிற சாலையில் அதுவும் வேண்டாம், 30 சென்டிமீட்டர் ஆழமே சாதாரணக் காரை இழுத்துக்கொண்டு போகும். இறங்கி மேட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

தெரியாதபோது “எனக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்சவரைக் காட்டுறேன்” என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம். கேட்டவருக்கு அது ஏமாற்றமில்லை, பாதி வேலை முடிந்த மாதிரி. “அன்னைக்கே சொன்னேனே” என்பதை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் அதைக் கேட்டுவிட்டால் அடுத்த தடவை கதவைத் தட்ட யோசிப்பார், தட்டாமலே ஏதாவது செய்துகொள்வார்.

யோசனை கேட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று. திரும்பி வந்து என்ன ஆனது என்று சொல்லுங்கள். பெட்டி கிடைத்ததா, எத்தனை நாளில், எந்தத் தாளைக் கேட்டார்கள், எந்த யோசனை பலிக்கவில்லை? பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவதோடு சரி. முடிவு தெரியாததால் மேல்வீட்டு அக்கா அதே பழைய யோசனையை அடுத்தவருக்கும் சொல்கிறார். இதில் அவர் மேல் என்ன தப்பு?

நான் மேலே எழுதியதில் பவர் பேங்க் விதி, நஷ்ட ஈட்டு வரம்பு, பாஸ்போர்ட் கணக்கு மூன்றும் மாறக்கூடியவை. மாறிவிட்டது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்பதோடு வந்து சொல்லுங்கள், திருத்தி எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டிலிருந்து