பச்சை முத்திரையுடன் இன்னும் ஓடும் மோசடி விளம்பரம் பற்றிய முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் சொல்லி, மின்னஞ்சல் போட்டு, நேரிலும் வந்து அலுத்துப்போய்த்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதையாவது தயவுசெய்து யாராவது ஒருவர் கடைசி வரி வரை வாசியுங்கள்.

நான் சொல்வது உங்கள் வாகன விற்பனைத் தளத்தில் பச்சை முத்திரையோடு வந்த, பழைய பல்சர் 150 பைக் விளம்பரத்தைப் பற்றி, முறைப்பாட்டு இலக்கம் உங்களிடம் இருக்கிறது. அதைப் போட்ட ஆளுக்கு முற்பணமாக 75,000 ரூபாய் வங்கியில் போட்டேன். பச்சை முத்திரை இருந்தால் விற்பவரின் அடையாள அட்டையையும் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் சரிபார்த்தாயிற்று என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் போட்டேன். அவர் கட்டாருக்குப் போகிறாராம், வேறு இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம், காசு போட்டால் வண்டியைப் பிடித்து வைப்பாராம். பதிவுப் புத்தகத்தின் படமும் கையெழுத்துப் போட்ட, வண்டியின் உரிமையை மாற்றும் எம்டிஏ 6 படிவத்தின் படமும் வாட்ஸ்அப்பில் வந்தன. வண்டியைப் பார்க்கத் தெமட்டகொடைக்கு வரச் சொன்னார். போய் நின்றால் ஆளும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை.

அப்புறம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வண்டி இலக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். முழு உரிமையாளர் என்ற இடத்தில், வண்டிக்குக் கடன் கொடுத்த ஒரு லீசிங் கம்பனியின் பெயர். எனக்கு அனுப்பிய படத்தில் அந்த இடம் வெறுமை. என்ஜின் இலக்கமும் வேறு. லீசிங் கம்பனி விடுவிக்காத வண்டியை யார் பெயருக்கும் மாற்ற முடியாது என்பது வாகனம் விற்கும் தளத்தை நடத்தும் உங்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது. இதைக்கூடப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்து முத்திரை குத்தினீர்கள்?

உங்கள் அலுவலகத்துக்கு வந்த அந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கவுண்டரில் இருந்த தம்பி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் பாதி சொல்லும்போதே, "காசு போட்டது நீங்கதானே, எங்களிட்ட ஏன் வாறீங்க?" என்று அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். பக்கத்தில் என் அப்பா நின்றார். வயதானவர், மழையில் நனைந்து என்னோடு வந்தவர். அவருக்கு உட்கார ஒரு கதிரைகூடக் காட்டவில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கொண்டுவரச் சொன்னார்கள் என்றுதான் அரைநாள் லீவு போட்டு வந்தோம். கொடுத்தால், பொலிஸிலிருந்து கடிதம் வந்தால்தான் விற்பவரின் விபரம் தருவார்களாம். பொலிஸிலோ முதலில் உங்களிடம் விபரம் வாங்கி வரச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன பந்தா, நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறி உதைக்க?

தொலைபேசியிலும் அதே கதைதான். தமிழுக்கான இலக்கத்தை அழுத்திக் காத்திருந்தால் சிங்களத்தில் மட்டும் பேசும் ஒருவர் எடுக்கிறார். அவர் குறைந்தபட்சம் மரியாதையாகப் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த பைக்கை வைத்துச் சாப்பாட்டு டெலிவரி செய்யத்தான் இருந்தேன். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்கின் விலை எங்கே போய் நின்றது என்பது உங்கள் தளத்திலேயே தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு 75,000 சேர்ப்பது நடக்கிற காரியமா? ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே அழித்துவிட்டீர்கள்.

இதையெல்லாம்விட என் வயிற்றெரிச்சல் எதற்கு என்றால், அதே படங்கள் இப்போது குருநாகல் என்ற இடப்பெயரோடு, வேறு போன் இலக்கத்தோடு, அதே பச்சை முத்திரையோடு ஓடுகின்றன. நேற்றிரவும் பார்த்தேன். முறையிடும் பொத்தானை அழுத்தினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வருகிறது. இன்று யாரோ ஒரு பிள்ளை அங்கே முற்பணம் போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஐயா, சண்டை பிடிக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த விளம்பரத்தை இன்றே எடுங்கள். விற்பவரின் விபரங்களைப் பொலிஸுக்கு நீங்களே எழுத்தில் கொடுங்கள். உங்கள் முத்திரையை நம்பிக் கொடுத்த 75,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். வண்டியை நேரில் பார்த்து, அதன் சட்டகத்தில் பொறித்த செசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடும்வரை ஒரு சதமும் அனுப்பாதீர்கள் என்று ஒவ்வொரு வாகன விளம்பரத்தின் மேலும் மூன்று மொழியிலும் போடுங்கள். அந்தத் தம்பி என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வதோடு நிற்க மாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது பற்றித்தான் பேசுகிறது, உங்கள் பச்சை முத்திரையின் படத்தையும் இணைத்தே கொடுப்பேன். வங்கிப் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எல்லாம் இத்துடன் மறுபடியும் இணைத்துள்ளேன். முன்பு அனுப்பியவை கிடைக்கவில்லை என்று இந்த முறை சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.