அம்மா, அந்தக் கொடியளுக்குப் பயப்பிடாதேங்கோ

ஸ்காபரோ, கனடா,
கார்த்திகை.

அன்புள்ள அம்மா, ஐயாவுக்கு,

உங்கடை கடிதம் போன கிழமை கிடைச்சது. அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதினது எண்டு பார்த்த உடனை விளங்கிச்சுது. நான் நல்ல சுகம். ஐயாவின்ரை கண் விசயத்துக்குக் கடைசியிலை வாறன். முதல் அம்மா பயந்து கேட்டதுக்குப் பதில்.

மச்சானுக்கு அனுப்பின படத்திலை வீட்டு முன் புல்லுக்கை மஞ்சளும் சிவப்பும் செம்மஞ்சளுமாச் சின்னச் சின்னக் கொடி குத்தியிருக்கிறதைப் பார்த்திட்டு, "அங்கையும் வெடி கிடக்கோ" எண்டு கேட்டிருக்கிறியள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடிக்குக் குத்தின சிவப்புத் தடியும் மண்டையோட்டுப் பலகையும் பார்த்த கண்ணுக்கு அப்பிடித்தான் தெரியும். அது வெடி இல்லை அம்மா. காணியை ஆரும் பிடிக்கவும் இல்லை. அந்த மண்ணுக்குக் கீழை என்ன குழாய், என்ன வயர், எந்தப் பக்கத்தாலை போகுது எண்டு மேலை காட்டுற அடையாளம். நான் இங்கை செய்யிற லொக்கேற் வேலை எண்டது அதைக் கண்டுபிடிச்சுக் குறிக்கிறதுதான். தம்பி மதிலுக்கு அத்திவாரம் வெட்டப் போறான் எண்டு எழுதியிருக்கிறியள். அதாலை விபரமா எழுதுறன், அவனுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

இங்கை வீட்டுக்கு வாறது கூடுதலா மண்ணுக்குள்ளாலைதான் வரும். சமைக்கவும் வீட்டைச் சூடாக்கவும் காஸ். அது சிலிண்டரிலை இல்லை, தெருவிலை இருந்து குழாயிலை வருது. கரண்டை இங்கை ஹைட்ரோ எண்டு சொல்லுறவை. புதுக் குடியிருப்புகளிலை அதுவும் நிலத்துக்குக் கீழைதான். பிறகு ரெலிபோன், இன்ரநெற், தண்ணிக் குழாய், கழிவுக் குழாய். மேலை பார்த்தால் வெறும் புல்லுத்தான் தெரியும்.

அதாலை ஒன்ராறியோ மாகாணத்திலை ஆர் நிலத்தைக் கிண்டுறதெண்டாலும் முதல் "ஒன்ராறியோ வன் கோல்" எண்ட இடத்துக்கு அறிவிக்க வேணும். 2012 இலை அதுக்கெண்டே சட்டம் கொண்டுவந்தவை. பெரிய இயந்திரத்துக்கு மட்டும் இல்லை, வேலித் தூண் நடுறதுக்கும் மரம் வைக்கிறதுக்கும் அதே சட்டம்தான். அதுக்கு வீட்டுக்காரர் காசு குடுக்கத் தேவையில்லை. வன் கோல்காரர் அந்த இடத்திலை குழாய், வயர் வைச்சிருக்கிற எல்லாருக்கும் செய்தி அனுப்புவினம். வழமையான வேலையெண்டால் 5 வேலை நாளுக்குள்ளை பதில் வர வேணும். ஆள் வந்து குறிப்பார், இல்லாட்டி "எங்கடை ஒண்டும் அதிலை இல்லை" எண்டு எழுதி அனுப்புவினம். எல்லாப் பதிலும் கைக்கு வந்த பிறகுதான் மண்வெட்டியை எடுக்கலாம். திங்கள் மஞ்சள் கொடியும் புதன் சிவப்புக் கொடியுமா வாறது அதாலைதான். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நாள் வருவினம்.

இதை ஏன் இவ்வளவு இறுக்கமா வைச்சிருக்கினம் எண்டு ஐயா கேப்பார். 2003 ஏப்ரலிலை இங்கை எற்றோபிக்கோவிலை, புளோர் வீதி மேற்கிலை, தெருவேலை நடக்கேக்கை இயந்திரம் காஸ் குழாயிலை பட்டு ஒரு கட்டடம் வெடிச்சு 7 பேர் செத்துப்போச்சினம். குழாய் உடைஞ்சால் காஸ் உடைஞ்ச இடத்தாலைதான் வெளியிலை வரும் எண்டில்லை. மேலை தார் ரோட்டும் சீமெந்தும் மூடியிருந்தால், குழாயைச் சுத்தியிருக்கிற இளகின மண்ணாலை ஊர்ந்து போய் வீட்டுக்குக் கீழ் அறைக்குள்ளை நிறைஞ்சு நிக்கும். வெட்டினவன் தெருவிலை நிப்பான், வெடிக்கிறது உள்ளை இருக்கிற சனத்துக்கு.

நிறமெல்லாம் கணக்காத்தான். மஞ்சள் காஸ். சிவப்பு கரண்ட். செம்மஞ்சள் ரெலிபோன், இன்ரநெற். நீலம் குடிதண்ணி. பச்சை கழிவும் மழைத்தண்ணியும். வெள்ளை எண்டால் கிண்டப் போறவர் தன்ரை இடத்தைத் தானே குறிச்சது. றோஸ் நில அளவைக்காரர் தற்காலிகமாப் போடுறது. அமெரிக்காவிலும் இதே நிறங்கள்தான். படத்திலை நீங்கள் கண்ட வீட்டுக்காரர் ஒண்டும் கிண்டக் கேக்கேல்லை. தெரு ஓரத்தாலை புது இன்ரநெற் வயர் மண்ணுக்கை தாக்கிறதுக்கு வேறை ஆக்கள் கேட்டது. முன் புல்லிலை தெருவோடை ஒட்டின பட்டி நகரசபையின்ரை காணி. அதாலை ஆருடைய வேலைக்காகவும் ஆற்றையும் வாசலிலை கொடி வரும்.

நாங்கள் கண்டுபிடிக்கிறது இப்பிடி. இப்ப போடுற காஸ் குழாய் கூடுதலாப் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை எங்கடை கருவியாலை மேலை நிண்டு கேக்க ஏலாது. அதுக்காகத் தாக்கேக்கையே குழாயோடை ஒரு செப்பு வயரும் சேர்த்துப் போடுறவை. அது வீட்டுக் காஸ் மீற்றரடியிலை மேலை வரும். ரான்ஸ்மிற்றர் எண்ட சிக்னல் அனுப்புற பெட்டியின்ரை சிவப்பு வயரை அதிலை கொழுவி, கறுப்பு வயரை ஒரு இரும்புக் கூரிலை கொழுவி, கூரைக் குழாய் போற திசைக்குக் குறுக்கா, ஏலுமான அளவு தள்ளி நிலத்திலை இறுக்க வேணும். நிலம் காய்ஞ்சு கிடந்தால் கூரடியிலை தண்ணி ஊத்தினால்தான் சிக்னல் ஓடும். வேலிக் கம்பியிலையோ வேறை குழாய்க்கு மேலையோ கூரை வைச்சால் அதுவும் சத்தம் போடும். பிறகு சிக்னலைக் கேக்கிற மற்றக் கருவியைக் கையிலை பிடிச்சுக் குறுக்கும் மறுக்கும் நடந்து, சத்தம் உச்சத்துக்குப் போற இடத்திலை குறி.

இதிலை பிழைக்கிற இடம் கனக்க. 512 ஹேர்ட்ஸ் மாதிரிக் குறைஞ்ச அலைவரிசை தூரம் போகும், பக்கத்துக் குழாய்க்குக் கெதியிலை தாவாது. 33 கிலோஹேர்ட்ஸ் மாதிரிக் கூடினது இணைப்புச் சரியில்லாத வயரிலையும் ஏறும், ஆனால் பக்கத்திலை கிடக்கிற எல்லாத்துக்கும் தாவும். அப்ப காஸ் எண்டு நினைச்சுக் கொண்டு ரெலிபோன் வயருக்கு மேலை மஞ்சள் கொடி குத்தியிடலாம். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. உச்சத்திலையும் பார்க்க வேணும், கருவியை மாத்தி, வயருக்கு நேர் மேலை சத்தம் அடியோடை இல்லாமல் போற முறையிலையும் பார்க்க வேணும். ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் சரி. விலகினால் பக்கத்திலை வேறொண்டு இழுக்குது, திரும்ப வேறை இடத்திலை கொழுவிப் பார்க்க வேணும். இந்த ரெண்டு நிமிசத்தை மிச்சம் பிடிக்கிற ஆள் இந்த வேலைக்குச் சரிவராது எண்டதுதான் என்ரை எண்ணம். செப்பு வயர் இடையிலை அறுந்திருந்தால் சிக்னல் அதிலையே நிண்டிடும். பழைய வரைபடத்தைப் பார்த்து அளந்து போடலாம், ஆனால் வரைபடத்திலை மூலையா இருந்த மரம் இப்ப இராது. முந்தி ஆரோ வயரை அறுத்துப்போட்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் மண்ணை மூடியிருப்பினம். அதாலைதான் சின்னக் கீறல் எண்டாலும் அறிவிக்க வேணும் எண்டு எல்லாருக்கும் சொல்லுறம். இரும்புக் குழாயின்ரை மேற்பூச்சிலை இண்டைக்கு விழுகிற கீறல் பிறகு துருப்பிடிச்சு ஓட்டையாகும்.

கொடி ஆழத்தைச் சொல்லாது. கருவி ஒரு கணக்குக் காட்டும், அதை நாங்கள் எழுதிக் குடுக்கிறதில்லை. தாக்கேக்கை ரெண்டரை அடி கீழை இருந்தது, வீட்டுக்காரர் மண்ணை வழிச்சு மட்டப்படுத்தினால் ஒரு அடியிலை நிக்கும். இன்ரநெற் வயர் புல்லு வேருக்குக் கீழை அரையடியிலையே கிடக்கும். தண்ணிக் குழாய்தான் ஆழத்திலை, ஏனெண்டால் இங்கை நிலம் நாலடி வரைக்கும் உறையும். அதாலை குறிக்கு ரெண்டு பக்கமும் 1 மீற்றருக்குள்ளை இயந்திரம் விடப்படாது. கையாலை மெல்லக் கிண்டிக் குழாயைக் கண்ணாலை காண வேணும். இல்லாட்டித் தண்ணியைப் பீச்சி மண்ணைக் கரைச்சு உறிஞ்சுற லொறி கொண்டுவருவினம். அலவாங்காலை நேரா இடிக்கிறது இந்த வேலைக்கு ஆகாது. மண்வெட்டியைச் சரிச்சுப் பிடிச்சு ஓரத்திலை இருந்து சீவிக்கொண்டு வரவேணும்.

காஸ், கரண்ட் மீற்றருக்குப் பிறகு வீட்டுக்காரர் தானே தாட்டது எங்கடை குறியிலை வராது. பின் வளவுக் கராஜுக்குப் போற கரண்ட், தோட்ட விளக்கு, நீச்சல் குளத்தைச் சூடாக்கிற காஸ், இதுகளுக்குக் காசு குடுத்துத் தனியா ஆள் பிடிக்க வேணும். கொடி இல்லாத பக்கம் வெறும் மண் எண்டு நினைச்சு வெட்டுறவை கனபேர்.

தப்பித்தவறிக் காஸ் குழாயிலை பட்டால் அடைக்கத் தெண்டிக்கப்படாது. இயந்திரத்தை நிப்பாட்டி விட்டிட்டு, காத்து வாற பக்கமா விலகி, தூரப் போய்த்தான் போனை எடுக்க வேணும். 911 எண்ட அவசர நம்பருக்கும் காஸ் கொம்பனிக்கும் சொல்ல வேணும். பக்கத்து வீட்டுச் சனத்தையும் வெளியிலை எடுக்க வேணும்.

பக்கத்து வீட்டு இத்தாலி அப்புவைப் பற்றி அம்மா கேட்டிருந்தியள். அவர் இப்ப அத்திமரத்தை மண்ணுக்கை தாக்கிற அவசரத்திலை நிக்கிறார். ஓம், முழு மரத்தையும்தான். இந்தக் குளிர் அத்திக்கு ஆகாது. ஒரு பக்க வேரை வெட்டி, கொப்பைக் கயித்தாலை சேர்த்துக் கட்டி, ரெண்டடிக் கிடங்கிலை மெல்லச் சரிச்சுப் படுக்க வைச்சு, பலகையும் இலையும் மண்ணும் போட்டு மூடுவார். பனி உருகிற காலம் திரும்ப நிமித்துவார். ஒவ்வொரு வருசமும் அதே இடத்திலைதான் வெட்டுறன், எனக்கென்ன கொடி எண்டு கேட்டார். போன வருசம் இல்லாத வயர் இந்த வருசம் அதிலை கிடக்கலாம், போன முறை குறிச்சுக் குடுத்த தாளின்ரை தவணையும் முடிஞ்சுது எண்டு சொல்லித் திரும்பக் கேக்க வைச்சன். செம்மஞ்சள் கொடி ரெண்டு, கிடங்குக்குப் பக்கத்திலையே வந்தது. இப்ப கிடங்கை மற்றப் பக்கம் தள்ளி வெட்டுறார். அவர் மண்ணைப் போட்டு மேலாலை தட்டி விடுறதைப் பார்க்க எங்கடை பனம்பாத்தி மாதிரியே இருந்தது.

இந்த முறை பாத்தி போட்டியளோ? ஆர் கொட்டை பொறுக்கினது? தையிலை கிழங்கு கிண்டேக்கை ஐயா முதல் கிழங்கை என்னட்டைத்தான் தாறவர். இங்கை கடையிலை புழுக்கொடியல் பைக்கற்றிலை விக்கினம். வாங்கினன், சாப்பிட மனம் வரேல்லை. மண்ணோடை ஈரமாக் கிடக்கிற கிழங்கை ஒருக்கால் மணந்தால் காணும் எண்டிருக்கு அம்மா.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இடியப்பம், புட்டு எல்லாம் சந்திக்குச் சந்தி விக்கினம். நான் இருக்கிறது கீழ் அறையெண்டாலும் நல்ல சூடு. மேலை வீட்டுக்காரரின்ரை பிள்ளையள் ஓடுற சத்தம் கேக்கும், அது எனக்கு நல்ல பிராக்கு. இந்த மாசக் காசு முதலாம் திகதி வராது, பத்தாம் திகதியளவிலை அனுப்புறன். யோசிக்க வேண்டாம். நிலம் இறுகினால் ஆக்கள் கிண்டுறது குறையும், வேலை நேரமும் கொஞ்சம் குறையும், ஒவ்வொரு மாரியிலையும் இப்பிடித்தான். சின்னம்மாவின்ரை சீட்டுக் காசை மட்டும் ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கோ.

இனி மதில். அங்கை ஒரு இடத்துக்கு அறிவிச்சால் எல்லாரும் வந்து குறிக்கிற வழி இல்லை, தம்பிதான் அலைஞ்சு கேக்க வேணும். ஒழுங்கையாலை தண்ணிக் குழாய் போயிருந்தால் நீர் வழங்கல் சபையிலை போய் எந்தப் பக்கத்தாலை போகுது எண்டு கேக்கச் சொல்லுங்கோ. வீட்டிலை இருந்து கிணத்து மோட்டருக்குப் போற கரண்ட் வயரை ஐயாதான் நிண்டு தாட்டவர். எங்கை வளையுது எண்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். தம்பியைக் கூட்டிக்கொண்டு நடந்து, வயர் போற வழி முழுக்கச் சுண்ணாம்பு போட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு தடி நடச் சொல்லுங்கோ. கண் ஒப்பரேசனுக்கு முன்னம் செய்தால் நல்லது, பிறகு கொஞ்ச நாள் குனியப்படாது. அந்தப் பக்கம் வெட்டுற நாள் மெயின் சுவிச்சை நிப்பாட்டி வைக்க வேணும். பின் பக்கம் மூடின பழைய மலசலகூடக் கிடங்கு வேலியிலை இருந்து எத்தினை அடி எண்டும் அம்மா நினைவுபடுத்திச் சொல்லுங்கோ, அத்திவாரம் அதுக்கு மேலை வந்தால் மதில் இறங்கும்.

மாரி மழை முடியாமல் வெட்ட வேண்டாம், வெட்டின கான் கரை இடிஞ்சு விழும். எல்லைக்கல்லு விசயத்திலை மாமியோடை தம்பி கதைக்க வேண்டாம், ஐயா போய்க் கதைக்கட்டும். மாமி கல்லு தள்ளியிருக்கு எண்டு சொன்னால் வாதாடாமல் நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பியுங்கோ. அந்தச் செலவை நான் தாறன். பெரியாஸ்பத்திரியிலை கண்ணுக்குத் திகதி குடுத்தால் மதிலைச் சாட்டிப் பின்போட வேண்டாம். சீமெந்துக் கல்லு ஒண்டு என்ன விலை சொல்லுகினம், எத்தினை அடி மதில் எண்டு தம்பியை எழுதச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.