தடுப்புத் தூண் மண்ணுக்குள் இறங்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதால் கார் ஒன்று கடைக்குள் பாய்ந்த செய்தியை நேற்றைய இதழில் படித்தேன். ஓட்டுநரைக் குறை சொல்வதோடு முடித்துவிடுகிறோம். அந்தக் காரைத் தடுக்க வாசலில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. பல கடைகளில் இருப்பவை தரையோட்டின் மேல் நான்கு போல்ட்டுகளால் பொருத்திய மெல்லிய குழாய்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மருந்துக்கடை வாசலிலும் அப்படித்தான் இருந்தது. பின்னோக்கி வந்த கார் மெதுவாகத்தான் இடித்தது. குழாய் ஓட்டோடு பெயர்ந்து, மருந்துச் சீட்டுடன் நின்றிருந்த மூதாட்டியின் காலடியில் விழுந்தது. அவர் கையில் அந்தச் சீட்டு நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு மூன்றடிக்கு மேல் பள்ளம் தோண்டி, தடித்த இரும்புக் குழாய்களை நட்டு, உள்ளும் சுற்றிலும் கான்கிரீட் நிரப்பினேன். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அதைத் தாங்குவது பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் பகுதிதான். கடை முகப்பை நோக்கி வண்டி நிறுத்தும் வணிகக் கட்டடங்களுக்கு அனுமதி தரும்போதே இத்தகைய தூண்களை உள்ளாட்சி அமைப்புகள் நிபந்தனையாக்க வேண்டும். கார் நுழையாதபடியும் சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும்படியும் இடைவெளியை வரையறுத்து, தோண்டும் முன் மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் செல்லும் தடத்தைக் கடைக்காரருக்குக் குறித்துத் தரலாம்.

— மருந்துக்கடை நடத்தும் வாசகர், மதுரை